பாரதி நகரின் பசி: மூளையும் இன்சுலினும் ‘வாயைக் கட்டு’ என்னும் அறிவுரையும்

தியாகராய நகர் என்றதும் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் ரங்கநாதன் தெருவின் நெரிசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதே தியாகராய நகரில் பாரதி நகர் என்னும் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் குடியிருப்பும் இருக்கிறது. நீரிழிவைப் பற்றிய உலக மருத்துவ ஆய்வுகளில் இக்குடியிருப்பு ஒரு முக்கியச் சான்றாக நிற்கிறது.

1996 முதல் 1998 வரை, மருத்துவர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னையில் இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்து ஆய்வு செய்தது. ஒன்று, நடுத்தர வருவாய்ப் பிரிவினர் வாழும் திருமங்கலம் ஏசியாட் காலனி. மற்றது பாரதி நகர். அப்போது ஏசியாட் காலனியில் நீரிழிவு 12.4 விழுக்காடாகவும், பாரதி நகரில் அதில் ஏறத்தாழப் பாதியாக, 6.5 விழுக்காடாகவும் இருந்தது. ‘சர்க்கரை பணக்காரர்களின் நோய்’ என்ற பேச்சுக்கு அன்று ஆதாரம் இருந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே இரு குடியிருப்புகளுக்கும் திரும்பிச் சென்றனர். ஏசியாட் காலனியில் நீரிழிவு 15.4 விழுக்காடாகச் சற்றே உயர்ந்திருந்தது. பாரதி நகரில் அது 15.3 விழுக்காடாகியிருந்தது, இரு மடங்குக்கும் மேல். உயர் இரத்த அழுத்தம் 8.4 விழுக்காட்டிலிருந்து 20.1 ஆனது. பெண்களிடையே வயிற்றுப் பருமன் 16.9 விழுக்காட்டிலிருந்து 46.3 ஆனது. வருவாயில் சமத்துவம் வரவில்லை. நோயில் மட்டும் வந்துவிட்டது.

இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் இரு குடியிருப்புகளுக்கும் கிடைத்தவை வேறு வேறு. ஏசியாட் காலனி மக்கள் ஆய்வாளர்களின் ஊக்கத்தால் தம் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். பாரதி நகருக்குக் கிடைத்தது வழக்கமான வாழ்க்கைமுறை அறிவுரை. ஆய்வாளர்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல; திரும்பிச் சென்று எண்ணி, எண்ணியதை மறைக்காமல் வெளியிட்டதால்தான் நமக்கு இந்த உண்மை தெரிகிறது. ஆனால் பூங்கா ஒரு பக்கம், அறிவுரை மறுபக்கம் என்னும் இந்தப் பிரிவினையைக் கடந்து போக முடியவில்லை.

அறிவுரை என்றால் என்ன? அரிசியைக் குறை, எண்ணெயைக் குறை, நொறுக்குத் தீனியை விடு, நட. சுருங்கச் சொன்னால், வாயைக் கட்டு. கேட்காதவருக்கு நோய் வந்தால், ‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்’ என்ற தீர்ப்பும் தயாராக இருக்கிறது. பசியை மனத்திண்மையின் பிரச்சினையாகப் பார்க்கும் இந்தத் தீர்ப்பை மூளையைப் பற்றிய கடந்த ஐம்பதாண்டு ஆய்வுகள் ஏற்பதில்லை.

இருப்பு இருந்தும் ‘இருப்பு இல்லை’

இன்சுலின் என்றால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். கணையம் சுரக்கும் அது தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் சர்க்கரையை உள்ளே அனுப்புகிறது; கல்லீரல் புதிதாகச் சர்க்கரையை வெளியிடுவதைத் தடுக்கிறது. மூளைக்கு இதில் பங்கில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1978இல் யானா ஹவ்ரான்கோவாவும் உடனாய்வாளர்களும் எலியின் மூளையில் பரவலாக இன்சுலின் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினர். மறு ஆண்டே, ஸ்டீபன் வுட்ஸ் குழுவினர் பபூன் குரங்குகளின் மூளைத் திரவத்துக்குள் நேரடியாக இன்சுலினைச் செலுத்தினர். குரங்குகள் குறைவாக உண்டன, எடை இறங்கின. இன்சுலின் மூளைக்குச் செல்லும் ஒரு செய்தி என்பது அப்போது தெளிவாயிற்று.

செய்தி என்ன? நாம் உண்டபின் இரத்தத்தில் இன்சுலின் உயர்கிறது. அதன் ஒரு பகுதி இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸைச் சென்றடைகிறது. அங்கே பசியைத் தூண்டும் நரம்பணுக்கள் ஒரு புறமும், போதும் என்ற உணர்வைத் தரும் நரம்பணுக்கள் மறுபுறமும் இருக்கின்றன. இன்சுலின் முன்னதை அடக்கி, பின்னதை எழுப்புகிறது. ‘களஞ்சியத்தில் இருப்பு உள்ளது, நிறுத்தலாம்’ என்பதே செய்தி. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் முதலிய வேறு சுரப்புகளும் இதே செய்தியைத் தருகின்றன; லெப்டினின் குரல் இன்சுலினுடையதைவிட உரத்தது. இன்சுலின் தனித்து ஆட்சி செய்யவில்லை என்பதை மறக்கக் கூடாது.

இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தும் கேட்கப்படாத நிலைதான் மூளையின் இன்சுலின் எதிர்ப்பு. நமக்குப் பழகிய ஓர் உவமை சொல்லலாம். ரேஷன் கடைக்குள் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். வாசலில் ‘இருப்பு இல்லை’ என்ற பலகை தொங்கும். வரிசையில் நிற்பவர் பலகையைத்தான் நம்ப முடியும். மூளையும் அப்படியே. உடலில் கொழுப்பு குவிந்திருக்கும்போதும், இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்போதும், ஏற்பிகளுக்கு அப்பால் செய்தி நகராததால், மூளை பற்றாக்குறையை உணர்ந்து உணவைத் தேடச் சொல்கிறது. கல்லீரலுக்கும், ‘சர்க்கரையை வெளியிடுவதை நிறுத்து’ என்ற ஆணை சரியாகப் போவதில்லை. அதிக உணவு, அதிகக் கொழுப்பு, அதிக இன்சுலின், மேலும் மந்தமான காது என்று சுழல் தொடர்கிறது.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு 2000ஆம் ஆண்டில் யென்ஸ் ப்ரூனிங் குழுவினர் சுண்டெலிகளில் செய்த சோதனை முக்கியச் சான்று. அவர்கள் நரம்பணுக்களில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கினர். உடலின் மற்ற பகுதிகளில் அதைத் தொடவில்லை. பெண் எலிகள் கூடுதலாக உண்டன. கொழுப்பு மிகுந்த தீவனத்தில் ஆண், பெண் இரண்டுமே மற்ற எலிகளைவிடப் பருத்தன. இரத்தத்தில் கொழுப்பும் கூடியது. அந்த எலிகளுக்கு யாரும் மனத்திண்மை போதாது என்று சொல்லவில்லை.

எது முதலில்?

பருமனால் மூளையின் செவி மந்தமாகிறதா, மந்தமானதால் பருமன் வருகிறதா? இரண்டு திசைகளிலும் வழி இருக்கிறது. ஆனால் அண்மைய ஆய்வு ஒன்று நம் விவாதத்தை மாற்ற வல்லது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஸ்டெபானி குல்மான் குழுவினர் 2025இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 29 ஆரோக்கியமான ஆண்கள் பங்கேற்றனர். அவர்களுள் 18 பேர் ஐந்து நாட்கள் வழக்கமான உணவுடன் சாக்லேட், சிப்ஸ் போன்றவற்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி கூடுதலாக உண்ணும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். எடை குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. பழைய உணவுக்குத் திரும்பி ஒரு வாரம் கழிந்த பின்னும், நினைவோடும் காட்சியோடும் தொடர்புடைய சில பகுதிகளில் இன்சுலினுக்கான மூளையின் எதிர்வினை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நன்மையையும் தீமையையும் அனுபவத்திலிருந்து கற்கும் முறையும் மாறியிருந்தது. ஐந்தே நாட்கள், இடுப்பளவு மாறுவதற்கு முன்பே மூளை மாறிவிட்டது.

பசி தீர்ந்த பின்னும் கை நீள்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இன்சுலின் ஹைப்போதலமஸோடு நிற்பதில்லை. டோபமைன் வழியாக விருப்பத்தை இயக்கும் பகுதிகளிலும் அது செயல்படுகிறது. வயிறு நிறைந்ததும் எதிரிலிருக்கும் பஜ்ஜியின் ஈர்ப்பு குறைய வேண்டும். அந்தக் குறைப்பில் இன்சுலினுக்குப் பங்குண்டு. செவி மந்தமான மூளையில் ஈர்ப்பு குறைவதில்லை.

மற்றொரு செய்தி நம் மண்ணுக்கு நெருக்கமானது. குல்மான் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூளை இன்சுலினுக்கு நன்கு செவிசாய்த்தவர்கள் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தால் அதிக எடை குறைந்தனர். ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது. அதாவது, ஒரே அறிவுரை, ஒரே திட்டம், வெவ்வேறு பலன். அறிவுரை வேலை செய்வதற்கே மூளையின் நலம் முன்நிபந்தனையாக இருக்கிறது. பாரதி நகர் ஆய்வு இடுப்பையும் இரத்தத்தையும் அளந்ததே தவிர, மூளையை அளக்கவில்லை. அந்த எண்களையும் டூபிங்கனின் படங்களையும் ஒன்றாக்கிவிட முடியாது. எனினும், ‘சொல்லியும் கேட்கவில்லை’ என்ற குற்றச்சாட்டை இனி அவ்வளவு எளிதாகச் சுமத்தவும் முடியாது.

வயிற்றுக் கொழுப்பு என்றதும் புனேயைச் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக், தம்மையும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்ட ஒளிப்படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3தான். உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே பருத்தவர். இந்த அமைப்பு கருவிலேயே தொடங்குகிறது என்பதை அவரது புனே ஆய்வுகள் காட்டின: எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் மிகுந்தும் இருக்கிறது. தாயின் பசி குழந்தையின் உடலில் எழுதப்படுகிறது. இதனால்தான் இந்தியர்க்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று தாழ்ந்த எல்லை வைக்கப்பட்டுள்ளது. தலைமுறை தலைமுறையாகக் கூலியாகக் கிடைத்த தானியத்தில் வாழ்ந்த சமூகங்களின் பிள்ளைகள், மலிவான கலோரி பெருகிய நகரத்துக்குள் வரும்போது, அவர்கள் உடல் எதற்குப் பழகியிருந்ததோ அதற்கு நேர் எதிரான சூழலைச் சந்திக்கிறது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். டூபிங்கனின் ஐந்து நாள் ஆய்வில் பங்கேற்றவர் அனைவரும் ஆண்கள். 2004இல் மூக்கு வழியாக எட்டு வாரம் இன்சுலின் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வில் ஆண்களுக்குக் கொழுப்பு குறைந்தது, பெண்களுக்குக் குறையவில்லை. பாரதி நகரிலோ பெண்களின் வயிற்றுப் பருமன் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. யாருக்குத் தேவை மிகுந்ததோ அவர்களிடமிருந்து அறிவியல் கடைசியாகக் கற்கிறது.

அட்டையில் எழுதப்பட்ட உணவு

இப்போது உணவுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டம் இந்தியாவுக்கே முன்மாதிரி. அதை இழிவுபடுத்தும் எந்தப் பேச்சுக்கும் நாம் துணைபோக மாட்டோம். பட்டினிச் சாவைத் தடுத்தது அது. ஆனால் அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமை நமக்குண்டு. அரிசி இலவசம். சர்க்கரை உண்டு. சிறப்புத் திட்டத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், ஆனால் குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ மட்டும். நாலு பேர் குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் பருப்பு. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு தானியம்’ என்பதற்குத் தரும் வரையறையில் அரிசி, கோதுமை, சிறுதானியம் என்று மட்டுமே இருக்கிறது. பருப்பு அதில் இல்லை. கலோரிக்குச் சட்ட உரிமை உண்டு, புரதத்துக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

பாமாயிலில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த அமிலம் எலிகளின் ஹைப்போதலமஸில் இன்சுலினின் செயலை மழுங்கச் செய்வதையும், ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் அவ்வாறு செய்யாததையும் காட்டியது. எலிக்கு நிகழ்ந்தது அப்படியே நம் அடுக்களையிலும் நிகழும் என்று சொல்ல முடியாது. பால்மிட்டிக் அமிலம் நெய்யிலும் இறைச்சிக் கொழுப்பிலும்கூட இருக்கிறது. அது நஞ்சல்ல, அளவுதான் கேள்வி. ஆனாலும் எந்த எண்ணெய்க்கு மானியம் தருவது என்பது அரசின் கொள்கை முடிவு. ஏழையின் நாவின் முடிவு அல்ல.

இதைச் சாதியின் மொழியிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உணவைக் கொண்டு மனிதரின் குணத்தை அளக்கும் பழக்கம் இந்த நாட்டில் மிகப் பழையது. இன்னது உண்பவன் சாத்வீகன், இன்னது உண்பவன் தாமசன். மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் ஆராய்ந்தார். மலிவான நல்ல புரதத்தை இழிவின் அடையாளமாக்கிவிட்டு, ‘உங்கள் உணவில் புரதம் போதாது’ என்று மருத்துவமனையில் சீட்டு எழுதித் தருவது எவ்வளவு பெரிய முரண்! 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது, அது தீண்டாமையாகாதா என மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அந்தக் கேள்வி மருத்துவத்துக்கும் பொருந்தும். ‘கட்டுப்பாடற்ற வாய்’ என்ற ஏளனம் மருத்துவச் சொற்களை உடுத்திக்கொண்டாலும் அதன் பிறப்பிடம் வேறு.

அம்பேத்கரே 1948 முதல் நீரிழிவோடு போராடியவர் என்பதையும் இங்கே நினைக்கிறோம்.

பாரதி நகர் ஆய்வு வருமானத்தைக் கொண்டு மக்களைப் பிரித்தது. சாதியைக் கொண்டு அல்ல. நம் நாட்டின் நீரிழிவுக் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு நாடெங்கும் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு எனவும் கணித்தது. நகரம், கிராமம், மாநிலம் என்று தலைப்புகள் பேசப்பட்டன. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு எத்தனை வயதில் நோய் வருகிறது, எத்தனை வயதில் கண்டறியப்படுகிறது என்னும் கேள்வி தலைப்பாகவில்லை. கணக்கில் வராதது வழக்கிலும் வராது என்பது நீதிமன்றங்களில் நாம் கற்ற பாடம்.

நடக்க இடம்

ஏசியாட் காலனிக்காரர்கள் பணம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். பாரதி நகரில் பணம் இருந்திருந்தாலும் நிலம் எங்கே? தமிழ்நாட்டின் வளர்ச்சி விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, பெருங்கட்டுமானம் ஆகியவற்றில் 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். மனைப்பிரிவே போடப்படாத குடிசைப் பகுதிக்கு இந்த விதியால் ஒரு சதுர அடியும் கிடைக்காது. சொத்துள்ள இடத்தில்தான் திறந்தவெளியும் பிறக்கிறது. தியாகராய நகரில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் உள்ளன. நீதிக்கட்சித் தலைவர்களின் பெயரைத் தாங்கியவை. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமைக்காக 1924இல் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் தீர்மானம் கொண்டுவந்தது பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான். பூங்கா பெயரளவில் எல்லோருக்கும் உரியது. ஆனால் விடியுமுன் வேலைக்குப் போய், கடை சாத்திய பின் வீடு திரும்பும் பெண்ணுக்குப் பூங்கா திறந்திருக்கும் நேரம் எது? அவர் நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பவர். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த நிலையே அதைச் சொல்லும். உறக்கக் குறைவும் இன்சுலினோடு தொடர்புடையது: நான்கு இரவுகள் நாலரை மணி நேரமே உறங்கியவர்களின் கொழுப்பணுக்கள் இன்சுலினுக்குக் காட்டிய எதிர்வினை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததை 2012இல் சிகாகோ ஆய்வு காட்டியது.

அரசமைப்பின் 47ஆவது பிரிவு மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. ஊட்டச்சத்து என்ற சொல்லை நாம் கலோரியாகச் சுருக்கிப் படித்துவிட்டோம். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. அதன் முகப்பில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவுக்கு மூன்று மாத அவகாசம் தந்தது. பின்னர் அவகாசம் நீண்டது. சிலி நாடு 2016இலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையைப் பொட்டலத்தின் முகத்தில் அச்சிட வைத்தது. ஐந்து நாளில் மூளையை மாற்றும் பொருளுக்கு எச்சரிக்கை அச்சிட எத்தனை அவகாசம் தேவை?

வசதி படைத்தோருக்கு வேறு வழி திறந்துவிட்டது. மூளையின் பசி மையங்களிலேயே செயல்படும் ஊசி மருந்துகள் 2025இல் இந்தியாவுக்கு வந்தன. மௌஞ்சாரோ வந்தபோது வாரத்துக்கு ஒன்றாகப் போடும் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், மாதம் 14,000. பணமுள்ளவரின் பருமன் மூளையின் நோயாக அறியப்பட்டு மருந்து பெறுகிறது; ஏழையின் பருமன் இன்னும் ஒழுக்கக்கேடாகவே இருந்து அறிவுரை பெறுகிறது. இதே வகை மருந்தான செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச்சே எல்லை. 1994இல் தொடங்கப்பட்டு, மலிவு விலையில் மருந்து வாங்குவதில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதைத் தன் கொள்முதல் பட்டியலில் சேர்க்குமா, 2021 முதல் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த ஊசியையும் எடுத்துச் செல்லுமா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பருப்பின் அளவைப் பற்றி உணவுத் துறையிடமும், நடக்க இடத்தைப் பற்றி மாநகராட்சியின் பகுதி சபாவிலும் கேட்கலாம். பாரதி நகருக்கு ஆய்வாளர்கள் இரண்டு முறை வந்தார்கள். மூன்றாம் முறை வரும்போது எண்ணப்பட வேண்டியவை எவை என்பதை அங்கே வாழ்பவர்களே எழுதிக் கொடுக்கலாம்.